ஒரு கைப்பிடியில் ஐந்து காரியங்கள்

துப்பாக்கித் தோட்டா என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடும் பொருள் உண்மையில் நான்கு பொருள்களின் சேர்க்கையாகும்: பித்தளைக் கூடு, அதன் அடிப்புறத்தில் பதிந்திருக்கும் பிரைமர், உள்ளே நிரப்பப்பட்ட மருந்து, வாயில் செருகி நிற்கும் குண்டு. விசையை இழுத்த கணத்தில் பிரைமர் பொறி எழுப்பி அவிந்துவிடுகிறது. மருந்து வாயுவாக மாறிக் கலைந்துவிடுகிறது. குண்டு இலக்கை நாடிச் சென்றுவிடுகிறது. கூடு ஒன்றுதான் சுட்டவனின் காலடியில் ஏறக்குறையச் சேதமின்றி வந்து விழுகிறது. நான்கினுள் விலை மிகுந்ததும், செய்வதற்கு அதிகச் சிரமம் பிடிப்பதும் பெரும்பாலும் அதுவே. அதை எறிந்துவிட மனமில்லாதவர்கள் மறுபடியும் பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் ஒன்றரை நூற்றாண்டாக நடந்துவருகிறது. இந்தப் பழைய கைத்தொழில் இன்று ‘புராக்ரஸிவ் பிரஸ்’ என்னும் யந்திரத்தில் வந்து நிற்கிறது. ஐந்து வேலைகளை ஒரே கைப்பிடி அசைவில் செய்து முடிக்கும் அந்த யந்திரத்தை முதன்முதலாகக் கையாளுகிறவன் கற்க வேண்டியது வேகத்தை அல்ல, கிரமத்தையே என்பதை, அதன் பின்னுள்ள விஞ்ஞானத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1870களில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள், ஊர்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் பல நாள் பிரயாண தூரத்தில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தபடியால், ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கும் அச்சையும் கூடுகளை நிரப்பும் கைக்கருவிகளையும் தங்களோடு எடுத்துச் செல்வது வழக்கம். 1884இல் நியூ ஹேவன் நகரத்தில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி, குறடு வடிவிலான அத்தகைய கருவிகளைச் செய்து நாடெங்கும் பரப்பிற்று. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்னும் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் நிறுவிய ஆர்.சி.பி.எஸ். போன்ற நிறுவனங்கள், ஒரு தடவைக்கு ஒரு வேலையை மட்டும் செய்யும் உறுதியான இரும்புப் பிரஸ்களை வீட்டு மேஜைகளுக்குக் கொண்டுவந்தன. பொறுமையுள்ளவனுக்கு அது போதுமான சாதனந்தான். ஆனால் 1976இல் மிஸ்ஸூரி மாகாணத்தின் கொலம்பியா நகரில் கூடி, ஜெப் கூப்பரைத் தலைவராகக் கொண்டு அமைந்த சர்வதேசச் சங்கத்தின் வழியாக, ஓடிக்கொண்டும் திரும்பிக்கொண்டும் பல இலக்குகளைச் சுடும் கைத்துப்பாக்கிப் போட்டிகள் பரவலாயின. அவற்றில் தேர்ச்சி பெற விரும்பியவனுக்கு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் தேவைப்பட்டன. சான் டியேகோவில் செய்யப்பட்ட ஸ்டார் யந்திரம் இந்தத் தேவைக்குப் பல்லாண்டுகள் முன்னதாகவே வழிகாட்டியிருந்தது. அரிஜோனாவில் மைக் டில்லன் தொடங்கிய நிறுவனம் அவ்வகை யந்திரத்தைச் சாதாரண மனிதனின் கைக்கு எட்டும்படி செய்தது.

கூடு ஏன் மறுபடியும் பயன்படுகிறது என்ற கேள்விக்கு விடை பித்தளையின் சுபாவத்தில் இருக்கிறது. தோட்டாக் கூட்டுக்குரிய பித்தளை நூற்றுக்கு 70 பங்கு தாமிரமும் 30 பங்கு துத்தநாகமும் கலந்தது. மருந்து எரிந்து வாயு பெருகும்போது, ‘.38 ஸ்பெஷல்’ போன்ற சாதுவான ரிவால்வர் தோட்டாவுக்குள்ளேயே சதுர அங்குலத்துக்கு 17,000 இறாத்தல் வரையிலும், ‘.30-06’ ரைபிள் தோட்டாவுக்குள் 60,000 இறாத்தல் வரையிலும் அழுத்தம் ஏறலாம். பின்னது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து துப்பாக்கி அறையின் எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்வதால், உஷ்ண வாயு பின்புறமாகக் கசிந்து சுடுகிறவன் முகத்தில் அடிக்காமல் தடுக்கப்படுகிறது. குண்டு குழாயை விட்டு வெளியேறி அழுத்தம் தணிந்ததும் பித்தளை தன் மீள்சக்தியால் ஒரு மயிரிழை அளவு சுருங்கி அறையின் பிடியிலிருந்து விடுபடுகிறது. விரியும் இணக்கமும் சுருங்கும் மீள்சக்தியும் ஒருங்கே அமைந்திருப்பதுதான் பித்தளையின் பெருமை. ஆயினும் கூடு தன் பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. சற்றுப் பருத்தே நிற்கிறது. அதைப் பழைய அளவுக்கு இறுக்கிக் கொடுப்பதே மறுநிரப்பலின் முதல் வேலை.

விரித்தும் இறுக்கியும் பழகும் உலோகம் நாளடைவில் கடினப்பட்டு நொறுங்குந்தன்மை அடைகிறது. கூட்டின் வாய் வெடிப்பதற்கு இதுவே காரணம். இதனோடு சம்பந்தப்பட்ட ஒரு விசித்திர வரலாறு இந்தியாவுக்குச் சொந்தமானது. பிரிட்டிஷ் ராணுவத்தார் இந்நாட்டில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த தோட்டாக்களின் கூடுகள், ஒருவரும் தொடாமலேயே, குண்டைக் கவ்விநிற்கும் கழுத்துப் பகுதியில் விரிசல் கண்டன. பருவகாலத்தில் தோன்றியதால் ஆங்கிலேயர் அதைப் ‘பருவ விரிசல்’ என்றே அழைத்தனர். உருவாக்கும்போது பித்தளையினுள் தங்கிப்போன இழுவிசையும், குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியா வாயுவும், மழைக்காலத்து ஈரமும் கூடிச் செய்த நாசவேலை அது என்பதை 1921இல் மூர், பெக்கின்ஸேல், மல்லின்ஸன் என்ற விஞ்ஞானிகள் தெளிவாக விளக்கினார்கள். கூட்டை அளவாகச் சூடாக்கி உள் இழுவிசையைத் தணித்துவிட்டால் இந்த வியாதி வருவதில்லை. இதை அறிந்த மறுநிரப்புவோர் இன்றும் பித்தளையைச் சுத்தம் செய்ய அமோனியா கலந்த மெருகுத் தைலங்களை விலக்குகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் நம் நாட்டு லாயங்களில் கற்ற பாடத்தை அவர்கள் அரிஜோனாவில் அனுசரிக்கிறார்கள் என்று சொல்வது மிகையாகாது.

அடுத்தது பிரைமர். குத்தூசியின் அடியில் பொறி எழுப்பும் இந்தச் சிறு கிண்ணத்தில் இரண்டு வகைகள் உண்டு. இரண்டும் 1866ஆம் வருஷத்தில் காப்புரிமை பெற்றவை. அமெரிக்கரான ஹைராம் பெர்டன் வகுத்த முறையில், பிரைமர் மோதுவதற்கான மேடு கூட்டிலேயே அமைந்திருக்க, பொறி உள்ளே செல்லும் துவாரங்கள் பெரும்பாலும் இரண்டாகப் பக்கங்களில் இருக்கும். வுல்விச் ஆயுதசாலையைச் சேர்ந்த ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸரின் முறையில் மேடு பிரைமருக்குள்ளேயே அடங்கியிருப்பதால், கூட்டின் நடுமத்தியில் ஒரே துவாரம் போதும். காலப்போக்கில் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் வேரூன்றின. வீட்டு மேஜைமேல் தோட்டா நிரப்பும் தொழில் அமெரிக்காவில் இவ்வளவு தழைத்ததற்கு இது ஒரு முக்கிய காரணம். நடுவில் ஒரே துவாரம் இருப்பதால் மேலிருந்து ஓர் ஊசியைச் செலுத்தி அவிந்த பிரைமரை ஒரே தள்ளில் வெளியேற்றிவிட முடிகிறது. பக்கத் துவாரங்கள் உள்ள கூட்டில் அது எளிதில் நடவாது.

மருந்தைப்பற்றிப் பொதுமக்களிடையே நிலவும் எண்ணம், அது ‘வெடிக்கிறது’ என்பது. 1884இல் பிரெஞ்சு ரசாயனியான பால் வியேல் கண்ட புகையற்ற மருந்தும், பின்னர் வந்த அதன் உறவுகளும், தோட்டாவுக்குள் எரிகின்றனவேயன்றி வெடிப்பதில்லை. அவ்வுறவுகளுள் ஒன்றான கார்டைட் நமக்கு அந்நியமானதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் செய்வதற்கென்றே நீலகிரியின் அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. ஒரு கட்டையைவிடச் சுள்ளிகள் விரைந்து எரிவதைப்போல, மருந்து மணிகளின் மேற்பரப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு எரிதல் வேகமாகிறது. ஆகவே மணியின் பருமன், உருவம், மேற்பூச்சு ஆகியவற்றை மாற்றுவதன் மூலமே மருந்து செய்வோர் வேகமானதும் மந்தமானதுமான பல ரகங்களைப் படைக்கிறார்கள். ஆனால் அடுப்பு விறகுக்கு இல்லாத ஒரு குணம் இதற்கு உண்டு: சூழ்ந்துள்ள அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுகிறது, வேகம் ஏறினால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. இந்தச் சுழற்சியை எல்லைக்குள் நிறுத்தி வைப்பது மருந்தின் அளவும், குண்டின் எடையும், அது கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுமே. குண்டு குறித்த ஆழத்துக்கு மேல் சிறிது இறங்கிவிட்டாலும் உள்ளே காலியிடம் குறுகி, அழுத்தம் எதிர்பாராத உயரத்துக்குப் போய்விடும். மறுநிரப்பலில் கடுகளவு வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யலாகாது என்று அனுபவஸ்தர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி யந்திரத்தைப் பார்ப்போம். மேஜை விளிம்பில் திருகாணிகளால் இறுக்கப்பட்ட இரும்புச் சட்டம் ஒன்று. அதன் தலைப்பாகத்தில் வட்டமாக வரிசையிட்டுத் தொங்கும் ‘டை’ எனப்படும் எஃகு அச்சுகள். அவற்றுக்கு நேர் கீழே, ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு கூடு வீதம் அடியைக் கவ்வி நிறுத்தும் வட்டத் தட்டு. அந்தத் தட்டைத் தன் உச்சியில் தாங்கி மேலும் கீழும் இயங்கும் தண்டு. கைப்பிடியைத் தாழ்த்தினால் தண்டு உயர்ந்து, தட்டிலுள்ள கூடுகள் யாவும் ஒரே சமயத்தில் தத்தம் அச்சுக்குள் நுழைகின்றன. கைப்பிடிக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள இணைப்புக் கைகள் நேர்க்கோட்டை நெருங்க நெருங்க நெம்பும் சக்தி பன்மடங்காகப் பெருகும்படி அமைக்கப்பட்டிருப்பதால், அதிக பலம் தேவைப்படும் பயணத்தின் இறுதியிலேயே அதிக பலம் கிடைக்கிறது. பருத்த பித்தளையை இறுக்கும் வேலையை ஒரு மனிதன் ஒற்றைக் கையால் சோர்வின்றிச் செய்ய முடிவது இதனாலேயே.

ஐந்து நிலைகள் கொண்ட யந்திரம் ஒன்றில் ஒரே ஒரு காலிக் கூட்டைப் பின்தொடர்ந்து செல்வோம். முதல் நிலையில் அச்சு அதை இறுக்கிப் பழைய அளவுக்குக் கொணர, அச்சின் மையத்திலுள்ள ஊசி அவிந்த பிரைமரைத் தள்ளிவிடுகிறது. அது கீழேயுள்ள கிண்ணத்தில் கலீரென்று விழும் ஓசை கேட்கும். கைப்பிடி திரும்பும்போது தட்டு ஒரு படி சுழன்று கூட்டை இரண்டாம் நிலைக்குக் கொண்டுசெல்கிறது. கைப்பிடியை முன்புறமாக முழுவதும் தள்ளினால் கீழிருந்து புதிய பிரைமர் தன் குழியில் அமர்கிறது. பிரைமர் குழிக்குள் நழுவி அடிதொட்டு நிற்பதைக் கைப்பிடியின் வழியாக உள்ளங்கையே உணரும். யந்திரத்தின் பாஷையில் மாணவன் முதலில் பழக வேண்டிய சொல் அந்த ஸ்பரிசம். அடுத்த தாழ்த்தலில் அதே நிலையில் கூட்டின் வாய் சிறிதே மலர்த்தப்பட்டு, மேலேயுள்ள அளவுப்பெட்டியிலிருந்து மருந்து உள்ளே இறங்குகிறது. மூன்றாம் நிலையில் மருந்தின் உயரத்தைச் சோதிக்கும் கம்பி இறங்கி, அளவு பிசகியிருந்தால் மணியொலி எழுப்பும்படி சில யந்திரங்களில் ஏற்பாடு உண்டு. நான்காம் நிலைக்கு வந்த கூட்டின் வாயில் மனிதன் தன் விரல்களால் ஒரு குண்டை வைக்க, அச்சு அதைக் குறித்த ஆழத்துக்கு அமிழ்த்துகிறது. ஐந்தாம் நிலையில் மலர்ந்த வாய் மூடப்பட்டுக் குண்டு உறுதிபெற, முற்றுப்பெற்ற தோட்டா சரிந்து பெட்டியில் விழுகிறது. தட்டு நிரம்பிவிட்ட பின்னர் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா விழும். ஒரு மணி நேரத்தில் சில நூறு தோட்டாக்கள் தயாராவது இவ்விதமே.

இவ்வளவு சௌகரியமான சாதனத்தில் அபாயம் எங்கே ஒளிந்திருக்கிறது? அதன் சௌகரியத்திலேயே இருக்கிறது. ஒரு வேலைக்கு ஓர் இழுப்பு என்ற பழைய பிரஸ்ஸில் மனிதன் ஒவ்வொரு கூட்டையும் பலமுறை கையிலெடுத்துக் கண்ணால் பார்க்க நேர்ந்தது. தவறுகள் அந்தப் பார்வையில் அகப்பட்டன. புராக்ரஸிவ் பிரஸ்ஸிலோ ஐந்து கூடுகள் ஐந்து ஸ்திதிகளில் இருக்க, ஒருவனுடைய கவனம் ஒன்றே இருக்கிறது. குண்டு சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் தருணத்தில் பிரைமர் குழாய் தீர்ந்துபோகலாம். கூடு அச்சில் சிக்கிக்கொண்டு கைப்பிடி பாதியில் நிற்கலாம். தட்டைக் கையால் சுழற்ற வேண்டிய நான்குநிலை யந்திரத்தில், இடையில் யாரோ அழைக்கத் திரும்பிப் பார்த்தவன் சுழற்ற மறந்து மறுபடியும் இழுத்துவிடலாம். விளைவு இரண்டிலொன்று: மருந்தே இல்லாத தோட்டா, அல்லது இரட்டை மருந்து விழுந்த தோட்டா.

மருந்தில்லாததுதான் சாது என்று எண்ணுவது இயல்பு, அது தவறு. பிரைமரின் பொறிக்குக் குண்டைக் கூட்டிலிருந்து பெயர்த்துக் குழாய்க்குள் தள்ளும் பலம் உண்டு; வெளியே தள்ளும் பலம் இல்லை. குண்டு குழாயின் நடுவே சிக்கி நிற்க, சுடுகிறவன் மந்தமான சிறு சப்தத்தைப் பொருட்படுத்தாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், இரண்டாம் குண்டு முதற்குண்டில் மோதிக் குழாயைப் புடைக்கச் செய்யும் அல்லது பிளந்துவிடும். ஆகையால் சப்தமோ உதைப்போ வழக்கத்துக்குக் குறைவாகத் தோன்றினால் அக்கணமே நிறுத்தி, துப்பாக்கியைக் காலிசெய்து குழாயைப் பார்ப்பது மாறாத விதி. இரட்டை மருந்தின் தீமையோ சொல்லாமலே விளங்கும். முன்பு கூறிய அழுத்தச் சுழற்சி அங்கே எல்லை கடந்துவிடுகிறது. ‘.38 ஸ்பெஷல்’ இதற்கு நல்ல உதாரணம். பருமனான கரிமருந்துக் காலத்தில் பிறந்த தோட்டா ஆதலால் அதன் கூடு விசாலமானது. இக்காலத்து வேகமான மருந்து சில கிரெயின் எடையளவே போதுமாகையால், அது கூட்டின் அடியில் ஒரு சிறு பகுதியில் அடங்கிவிடும். ஓர் இறாத்தலில் 7,000 கிரெயின்கள் உண்டு என்பதை நினைத்தால் அவ்வளவின் நுண்மை புலப்படும். அத்தகைய கூட்டில் இரண்டு பங்கு மருந்து விழுந்தாலும் மேலோட்டமான பார்வைக்குத் தெரிவதில்லை. இதற்கு விஞ்ஞானம் தரும் பரிகாரம் அழகானது: சம வேலைக்கு அதிக இடத்தை அடைக்கும் பருமனான மருந்தைத் தேர்ந்துகொண்டால், இரட்டிப்பானவுடன் அது கூட்டின் வாய்க்கு மேல் வழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே தொடங்குகிறவன் முதலில் கைக்கொள்ள வேண்டிய நியமம், யந்திரத்தின் வேகத்தை மறந்து அதை ஒற்றைநிலைக் கருவியாகப் பாவிப்பது. தட்டில் ஒரே கூட்டை வைத்து, ஐந்து நிலைகளையும் கடத்தி, ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி எடுத்துப் பார்த்து, அது வெளிவந்த பிறகே அடுத்ததை வைப்பது நலம். ரைபிள் கூடுகளுக்கு மசகுத் தைலமும் நீளம் வெட்டிச் சீராக்கலும் அவசியமாகையால், அவற்றை விடுத்து நேர்ச்சுவருள்ள கைத்துப்பாக்கிக் கூட்டில் தொடங்குவது உத்தமம்; டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த அச்சு அவற்றைத் தைலமின்றியே இறுக்கிவிடும். மருந்தின் அளவைத் தானே யூகிக்காமல், மருந்து செய்தவர்களும் குண்டு செய்தவர்களும் பரீட்சித்து வெளியிட்ட நூலில் கண்ட மிகக் குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அளவுப்பெட்டி மருந்தை எடையால் அன்றிக் கன அளவால் அளக்கிறது என்பதை மறக்கக் கூடாது; மணிகள் நெருங்கி அமர்வதும் தளர்ந்து அமர்வதும் கைப்பிடியின் ஆட்டத்தைப் பொறுத்ததாகையால், சீரான இழுப்பே சீரான அளவைத் தரும். தொடக்கத்தில் பத்துத் தடவை விழும் மருந்தைத் தராசிலிட்டுப் பார்ப்பதும், பின்னர் இடையிடையே சோதிப்பதும் இதற்காகவே. மேஜைமேல் ஒரே ஒரு மருந்துக் குப்பி மட்டுமே இருக்கலாம். குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டினுள்ளும் வெளிச்சம் விழும்படி விளக்கை அமைத்து, மருந்தைக் கண்ணால் கண்ட பிறகே குண்டை வைக்கலாம். யந்திரம் எக்காரணத்தாலாவது பாதியில் நின்றால், தட்டிலுள்ள மருந்திட்ட கூடுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே ஜாக்கிரதை.

தேகத்தைப்பற்றிய எச்சரிக்கைகளும் உண்டு. பிரைமர்கள் நூறு நூறாக ஒரு குழாயில் அடுக்கப்படுவதால், ஒன்று பற்றினால் மற்றவையும் பற்றக்கூடும். அக்காரணத்தால்தான் அந்தக் குழாயைச் சுற்றி எஃகுக் கவசம் இருக்கிறது. அதனால்தான் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயமாகிறது. அடைத்துக்கொண்ட பிரைமரை இரும்புக் கம்பியால் பலாத்காரமாகக் குத்துவது மடமை. பிரைமரின் ரசாயனத்தில் ஈயம் கலந்திருப்பதால், சுட்ட கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியிலும் ஈயம் இருக்கும்; மேஜையருகே உண்பதும் புகைப்பதும் ஆகாது; வேலை முடிந்ததும் கைகழுவாமல் குழந்தையைத் தொடுவதும் ஆகாது.

அமெரிக்கக் கூட்டரசின் சட்டம் ஒருவன் தன் சொந்த உபயோகத்துக்காகத் தோட்டா நிரப்புவதற்கு அனுமதிச்சீட்டுக் கேட்பதில்லை. விற்கத் தலைப்பட்டால் கேட்கும். இந்தியாவிலோ 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆதலால் நம் வாசகருக்கு இது செய்து பார்க்கும் கலை அல்ல, அறிந்துகொள்ளும் கலையே. எனினும் இதில் கிடைக்கும் அறிவு சிறிதன்று. யந்திரம் ஒரு காரியத்தை எத்தனை தடவையும் பிசகாமல் திருப்பிச் செய்யவல்லது. ஆனால் சரியான அமைப்பைத் திருப்பிச் செய்வதுபோலவே தவறான அமைப்பையும் அதே விசுவாசத்துடன் திருப்பிச் செய்கிறது. இரண்டையும் வேறு பிரித்தறியும் சக்தி கைப்பிடியைப் பற்றியிருப்பவனிடம் மட்டுமே உள்ளது. சந்தேகம் தோன்றிய ஒரே ஒரு தோட்டாவுக்காக அன்று நிரப்பிய பெட்டி முழுவதையும் பிரித்துக் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்கத் தயங்காதவனே இந்த யந்திரத்தை வேகமாக ஓட்டுவதற்கு உரிமை பெற்றவன்.